கலிகாரி படத்தில் மாயம்: கிராக்காவரின் வாசிப்பும் மூலத் திரைக்கதையும்

ராபர்ட் வீனே இயக்கி 1920 பிப்ரவரி 26 அன்று பெர்லினில் வெளியான 'டாக்டர் கலிகாரியின் பேழை' என்னும் மௌனப் படத்தில், சந்தைக் கூடாரத்தில் வித்தை காட்டும் கலிகாரி, 23 ஆண்டுகளாக உறங்குபவன் என்று சொல்லப்படும் செசாரேயை எழுப்பிக் குறி சொல்ல வைக்கிறார். தன் ஆயுள் எவ்வளவு என்று ஆலன் கேட்க, விடியும்வரைதான் என்கிறான் செசாரே. ஆலன் அன்றிரவே கொலையுண்டு போகிறான். இதையெல்லாம் சொல்லும் ஆலனின் நண்பன் ஃபிரான்சிஸ் மனநோய் விடுதியில் இருப்பவன் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. ஆக, குறி பலித்தது மாயமா, கொலைத் திட்டமா, பித்தேறிய மனத்தின் புனைவா என்பது நூறாண்டாக நீளும் வழக்கு.

இவ்வழக்கில் நெடுங்காலம் செல்லுபடியான தீர்ப்பு சீக்ஃபிரீட் கிராக்காவருடையது. 'கலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை' என்ற 1947ஆம் ஆண்டு நூலில் அவர் மாயத்தை முழுக்கவும் குறியீடாக்கினார். கலிகாரி வரம்பற்ற அதிகாரம். செசாரே கொல்லவும் சாகவும் பழக்கப்பட்ட சாமானியப் படைவீரன். ஹான்ஸ் யானோவிட்ஸும் கார்ல் மேயரும் எழுதிய மூலக்கதை அதிகாரத்தின் பித்தை அம்பலப்படுத்தியது என்றும், வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட, விடுதியில் நிகழும் சட்டகக் கதை அதைத் தலைகீழாக்கி, அதிகாரத்தை எதிர்த்தவனையே பித்தனாக்கியது என்றும் அவர் வாதிட்டார். முதல் உலகப்போரின் காயத்தைப் படத்துக்குள் கண்டது இவ்வாசிப்பின் பெருமை. ஆனால் அதன் அடித்தளம் யானோவிட்ஸ் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பு. ஒரு தரப்பின் சாட்சியம் அது.

கலிகாரியாக நடித்த வெர்னர் கிராவுஸிடம் இருந்த திரைக்கதைப் பிரதி பின்னர் கிடைத்து, 1995இல் அச்சேறியது. அதிலும் சட்டகம் உண்டு. பல ஆண்டுகள் கழித்து, ஃபிரான்சிஸும் அவன் காதலித்த ஜேனும் கணவன் மனைவியாக, தங்கள் வீட்டு மாடத்தில் விருந்தினருடன் அமர்ந்திருக்க, பழைய கொடுமையை அவன் சொல்லத் தொடங்குகிறான். மனநோய் விடுதி இல்லை. கதைசொல்லி தெளிந்த மனத்தவன். இறுதியில் மாடத்துக்குத் திரும்பும் காட்சியும் இல்லை. எனவே, மூலக்கதை சட்டகமின்றி இருந்தது என்ற கிராக்காவரின் எண்ணம் நிற்கவில்லை. எனினும் சட்டகம் மாறியது என்பது அவருக்குச் சாதகமே. மூலத்தில் நிகழ்ச்சிகள் மெய்யான நினைவு, படத்தில்தான் ஐயத்துக்குரியவை. கிராக்காவர் இந்த அளவோடு நின்றிருந்தால் அவர் வாதம் இன்னும் வலுத்திருக்கும்.

திரையில் ஐயம் முற்றாகத் தீர்வதுமில்லை. செசாரே ஜேனைத் தூக்கிச் செல்லும் இரவில் பேழைக்குள் கிடப்பது பொம்மை. ஃபிரான்சிஸ் அதைக் காவல் காத்து ஏமாறுகிறான். கதைக்குள்ளேயே குறியின் மாயம் அவிழ்கிறது: முன்னறிந்து சொன்னதல்ல, சொன்னதைக் கொலையால் நிறைவேற்றியது. ஆனால் உறங்குபவனை ஏவும் ஆற்றல் அவிழாமல் நிற்கிறது. விடுதி முற்றத்தின் தரையில் கதிர்போல் விரியும் கோடுகள் ஃபிரான்சிஸின் கதையில் உள்ளபடியே சட்டகத்தின் முடிவிலும் இருக்கின்றன. கதையில் விடுதியின் இயக்குநரே கலிகாரி என்று தெரிந்து அவர் அடைக்கப்பட்ட அதே அறையில் இப்போது ஃபிரான்சிஸ் அடைக்கப்படுகிறான். அரங்கை மறுபடி பயன்படுத்தியது செலவைக் குறைக்கவே என்று சொல்ல இடமுண்டு. ஆனால் கோணல் உலகம் பித்தனின் பார்வை மட்டும் என்றால், கதை முடிந்தபின் அது நேராகியிருக்க வேண்டும்.

புதிய சட்டகம் தம் யோசனை என்று, முதலில் படத்தை இயக்கவிருந்த ஃபிரிட்ஸ் லாங் பிற்காலத்தில் கூறினார். யானோவிட்ஸின் கூற்றோ பழியை வீனே மீது சுமத்துகிறது. 1918–19 குளிர்காலத்தில் எழுதப்பட்ட கதைக்கும் 1920 தொடக்கத்தில் முடிந்த படப்பிடிப்புக்கும் இடையே மாடம் எப்போது விடுதியானது என்பதை கிராவுஸின் பிரதி காட்டவில்லை.