புகையில்லாத புகையிலை

வெற்றிலை பாக்கு நமக்கு மிகப் பழையது, புகையிலை அப்படியல்ல. போர்ச்சுகீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. தாம்பூலத்தோடு சேர்ந்த அந்த இலை, பிறகு பாக்கெட் குட்காவானது. தமிழக அரசு 2001-இல் குட்காவைத் தடை செய்தது. 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நிற்கவில்லை. 2013-இல் மீண்டும் தடை வந்தது.

சட்டம் வந்தும் போயும் இருக்க, பழக்கம் மட்டும் போகவில்லை. ஒலக்கூர்ப் பக்கம் வயலிலும் கட்டட வேலையிலும் பசி தெரியாமலிருக்க அதை அடக்கிக்கொள்வோர் உண்டு. புகை இல்லையே என்பார்கள். அடக்கிவைக்கும் கன்னத்திலேயே புற்றுநோய் தொடங்கலாம்.

நம் வாட்ச்மேன், டிரைவர், வீட்டுப் பெரியவர் யாருக்கேனும் வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால், திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.