அளத்து உப்பும் அள்ளிய கையும்

நெய்தல் நிலத்துக்குரிய பொருள்களுள் உப்பைப் போல இலக்கியத்திலும் வாழ்விலும் ஒருங்கே இடம்பெற்றது பிறிதொன்றில்லை எனலாம். உப்பேற்றிய வண்டிகளைப் பூட்டிக்கொண்டு, சுற்றத்தோடு உள்நாடு நோக்கிச் செல்லும் உமணரைச் சங்கச் சான்றோர் பலகாலும் பாடியுள்ளனர். தெருவிலே உப்பைக் கூவி விற்று, அதற்கு மாற்றாக நெல்லைப் பெற்ற பெண்டிரையும் அப்பாடல்களிற் காண்கிறோம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பாணன் செல்லும் வழியில் அமைந்த கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அப்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல் குறிக்கும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பர்.

இத்துணைப் பழமை வாய்ந்த உப்பூருக்கு அருகிலேயே பணிபுரிந்தும், நான் அந்த உப்பளங்களைக் கருத்தூன்றிக் காணும்படி செய்தது ஒரு மாணவியின் வினா. விடுதலைப் போராட்ட இலக்கியம் குறித்த வகுப்பில் 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தண்டியையும் வேதாரணியத்தையும் சொன்னேன். தலைவர்களின் பெயர்களை அடுக்கினேன். இறுதியில், உப்பளத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து, "அம்மா, உப்பை அள்ளியவர்கள் பெயரையெல்லாம் சொன்னீர்கள். அதை விளைவித்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியே.

விளைவித்தவர் கைக்கு எட்டாத விளைச்சல்

மரக்காணத்து அளத்தில் உப்பு தானாக வந்து குவிவதில்லை. உவர்நிலத்தைக் காலால் மிதித்து இறுக்கிப் பாத்தி சமைக்க வேண்டும். உவர்நீரை ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் செறிவேற்றி, கடைசிப் பாத்தியில் பூக்கும் உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துவிடும். உழவுக்கு மழை துணை; உப்புக்கோ அது பகை.

இவ்வாறு விளைந்த உப்பின்மீது, தமிழகத்தை ஆண்ட மன்னர்களும் வரி விதித்ததுண்டு. ஆனால் 1805ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் செய்தது வரிவிதிப்பைக் கடந்த செயல். உப்பு முழுவதையும் அது தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. விளைவித்தவர் தம் உப்பை அரசிடமே ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குக் 'குடிவாரம்' என்ற பெயரில் ஒரு சிறு தொகை தரப்படும். பிறகு அரசு தான் வைத்த விலைக்கு அதை மக்களுக்கு விற்கும். நெல் விளைவித்தவன் தன் களத்து நெல்லில் ஒரு பிடியேனும் எடுத்து உலையிலிடலாம். உப்பு விளைவித்தவனோ தன் பாத்தியிலிருந்து ஒரு பிடி எடுத்தால் திருடன்.

மரக்காணத்துக்குத் தெற்கே சிறிது தொலைவில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி. அங்கே விளையும் உப்பு எல்லை கடந்து வந்தால் தன் தனியுரிமை குலையும் என்று ஆங்கில அரசு அஞ்சியது. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் அதனைத் தொடர்ந்த 1818ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும், ஆண்டுக்கு 4,000 வராகன் ஈட்டுத்தொகைக்குப் பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. கபேல் எனப்படும் உப்பு வரியின் கொடுமையால் கொதித்தெழுந்து, 1790ஆம் ஆண்டில் அதனை ஒழித்த மக்கள் பிரெஞ்சு மக்கள். பின்னாளில் நெப்போலியன் அவ்வரியை மீண்டும் கொணர்ந்தது வேறு செய்தி. தம் நாட்டில் உப்புக்காகப் புரட்சிக் குரல் எழுப்பிய இனத்தாரின் அரசு, தமிழ்க் கரையில் பாத்திகளை வறளவிட ஒப்பியது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

பஞ்சத்தின்மேல் ஒரு வரி

சென்னையிலிருந்து கடலோரமாகத் தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தை ஒட்டி முடிகிறது. இக்கால்வாயின் வழியே உப்பும் விறகும் படகுகளில் சென்னைக்குச் சென்ற காலம் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகச் சென்னைப் பகுதியில் இக்கால்வாய் வெட்டப்பட்டது; அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரையும் பெற்றது. பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் கூலிக்கு மண் சுமந்த வரலாறு அதன் கரைகளில் இருக்கிறது.

அதே பஞ்சத்தின் நடுவே, 1877ஆம் ஆண்டு இறுதியில், சென்னை மாகாணத்தின் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. (அரசின் உப்புக் கணக்கில் ஒரு மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ.) ஒரு கையால் கஞ்சிக்குக் கூலி கொடுத்த அரசு, மறுகையால் அக்கஞ்சியில் இடும் உப்புக்கு வரியைக் கூட்டியது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை என்பதை நினைந்து பார்த்தால், உப்பு வரியை மக்கள் ஏன் மறக்கவில்லை என்பது விளங்கும்.

பின்னர் வரி ஏறியும் இறங்கியும் வந்தது. 1882இல் 2 ரூபாய். 1888இல் மீண்டும் 2 ரூபாய் 8 அணா. 1903 முதல் படிப்படியாகக் குறைந்து 1907இல் 1 ரூபாய். 1923இல் வரியை இருமடங்காக்கும் திட்டத்தைச் சட்டமன்றம் ஏற்க மறுத்தபோது, அரசப் பிரதிநிதி ரீடிங் பிரபு தம் தனி அதிகாரத்தால் அதனை நிறைவேற்றினார். மறு ஆண்டே அது 1 ரூபாய் 4 அணாவாகக் குறைக்கப்பட்டது. 1930இல் நிலவியது அவ்வளவே. இதற்கா ஒரு போராட்டம் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. காந்தியடிகளின் நெருங்கிய தோழர்களிற் சிலரே ஐயுற்றனர்.

அவர்கள் தொகையைக் கண்டனர், சட்டத்தைக் காணவில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டமும், 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டமும் வரி கொடாமல் உப்புக் காய்ச்சுவதை மட்டும் தடுக்கவில்லை. கடலும் கதிரவனும் கூடித் தாமாகவே விளைத்த உப்பை மண்ணிலிருந்து அள்ளுவதையும் குற்றமாக்கின. உள்நாட்டு ஏழைகள் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சிய மண்ணுப்பும் கள்ள உப்பாயிற்று. தொகை சிறிதாகவும் இழிவு பெரிதாகவும் இருந்தது.

எவரும் செய்யத்தக்க குற்றம்

உப்பு வரியை எதிர்த்த குரல் 1930இல் திடீரென எழுந்ததன்று. 1885இல் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் மாநாட்டிலேயே தமிழகத்து எஸ்.ஏ. சுவாமிநாத ஐயர் இச்சிக்கலை எழுப்பினார். இலண்டனில் மாணவராக இருந்த காந்தியடிகள் 1891இல் எழுதிய கட்டுரையில் இவ்வரியைச் சாடியுள்ளார். ஆனால் தீர்மானங்களும் கட்டுரைகளும் கற்றோர் மொழி. 1930 மார்ச் 2ஆம் நாள் அரசப் பிரதிநிதி இர்வினுக்கு எழுதிய மடலில், அவருடைய மாத ஊதியம் 21,000 ரூபாய், இந்தியரின் சராசரி நாள் வருமானம் ஏறத்தாழ 2 அணா என்ற இரு எண்களை அடிகள் அருகருகே வைத்தார். அம்மடல் பயன் தராமற்போகவே, மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து நடக்கத் தொடங்கினார். ஏப்ரல் 6ஆம் நாள் காலை, தண்டிக் கரையில் குனிந்து ஒரு பிடி எடுத்தார்.

அந்தக் குனிதலில்தான் போராட்டத்தின் ஆற்றல் இருந்தது. நீதிமன்றத்தைப் புறக்கணிக்க வழக்கறிஞராக இருக்க வேண்டும்; பட்டத்தைத் துறக்கப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். உப்பை அள்ளக் கை இருந்தால் போதும். எழுத்தறியாதவரும், பெண்களும், நிலமற்றவரும் செய்யத்தக்க ஒரு 'குற்றத்தை' அடிகள் தேர்ந்தெடுத்தார்.

தமிழகத்தில் அப்பயணம் 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் இல்லத்திலிருந்து தொடங்கியது. இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள், தஞ்சை, கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல் நடந்து, ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்தனர். அவர்கள் நடந்து பாடுவதற்கென்றே ஒரு பாட்டை எழுதித் தந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. நம் வட்டத்துக் கவிஞர்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி இது.

தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ உறையுளோ அளிப்போருக்கு ஆறு மாதச் சிறை என அறிவித்தார். மக்கள் எதிர்த்துப் பேசவில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். மரத்தைக் கைது செய்ய எந்தச் சட்டமும் இல்லை. பொட்டலம் கட்டிய கைகள் யாருடையவை என்று எந்த ஆவணமும் சொல்லாது; பெரும்பாலும் அவை அடுப்படிப் பெண்களின் கைகளாகவே இருந்திருக்கும்.

ஏப்ரல் 30ஆம் நாள் இராஜாஜி அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்துச் சிறை சென்றார். பயணத்துக்கு வேதாரணியத்தில் தாங்குதூணாக நின்ற வேதரத்தினம் பிள்ளையும் சிறைப்பட்டார்; அவருடைய சொத்தும் பறிமுதலாயிற்று. இப்போராட்டத்தில் சிறை புகுந்த முதற் பெண்மணி என ருக்மிணி லட்சுமிபதி போற்றப்படுகிறார். தென்னார்க்காட்டுக் கடலூரிலிருந்து, 1927இலேயே நீல் சிலைப் போராட்டத்தில் சிறைகண்ட அஞ்சலையம்மாளும் உப்புப் போரில் இறங்கினார். முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தாம் மழித்துக்கொண்டிருந்தவர் காவலர் என்று அறிந்ததும் பாதி முகத்தோடு கத்தியை வைத்துவிட்டார். எஞ்சியதை முடிக்குமாறு ஆணையிட்டும் மறுத்துச் சிறை சென்றார். வேதாரணியத்தில் இன்றும் அவருக்கு நினைவுத்தூண் உண்டு.

ஒப்பந்தம் தந்ததும் தராததும்

1931 மார்ச் 5ஆம் நாள் காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது உப்பு வரியை நீக்கவில்லை, சட்டத்தையும் திருத்தவில்லை. அதனால் மனம் கசந்தவர் பலர். ஆயினும் அதில் ஒரு பிரிவு, உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தம் வீட்டுத் தேவைக்கும், தம் ஊருக்குள் விற்பதற்கும் உப்பை எடுக்கவோ செய்யவோ இசைவளித்தது, வெளியூர்க்கு விற்கலாகாது. நகரத்து அரசியலார்க்கு இது சிறு சலுகை. மரக்காணம் போன்ற ஊர்களிலிருந்து நோக்கினால், பாத்தியில் விளைந்த பொருள் விளைவித்தவர் அடுப்புக்குப் போகலாம் என்று 126 ஆண்டுகளுக்குப் பின் அரசு ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 60,000 பேர் சிறை சென்று பெற்ற ஒப்புதல் அது. இந்தியக் குடிமக்களின் தலைவரோடு ஒப்ப அமர்ந்து பேரரசு கையெழுத்திட வேண்டியதாயிற்று என்பதே அதன் பெரும் பயன். பதினாறு ஆண்டுகளில் விடுதலை வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 1947 ஏப்ரலில், இடைக்கால அரசின் காலத்திலேயே உப்பு வரி நீங்கியது.

ஆனால் அம்மாணவியின் வினா வரியோடு முடியவில்லை. வரி போயிற்று; வெயில் போகவில்லை. உப்பின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் கண் கூசி, உவர்நீரில் பாதம் வெடித்து, மழை தொடங்கினால் வேலையும் இழந்து நிற்கும் வாழ்வு தொடர்கிறது. மழைக்கால மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது 2022ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில் தமிழ்நாடு உப்புக் கழகம் தன் உப்புக்கு 'நெய்தல்' என்று பெயரிட்டது. பெயர் அழகானது. பொட்டலத்தின்மேல் திணையின் பெயர் வந்துவிட்டது. திணைக்குரிய மாந்தர் நம் எழுத்தில் இன்னும் முழுமையாக வரவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. உப்பிட்டவர் என்றால் விருந்தளித்தவர் என்றே பொருள் கொண்டு வந்துள்ளோம். 1930இல் அள்ளியவரை நினைக்கிறோம், நினைக்க வேண்டியதே. அவர் அள்ளுவதற்கு அக்கரையில் விளைவித்து வைத்தவரையும் அப்பழமொழி சுட்டுவதாகக் கொள்வதில் பிழையில்லை.

அம்மாணவி படிப்பு முடித்துச் சென்றுவிட்டாள். இப்போது அப்பாடத்தை நடத்தும்போது நான் தண்டியிலிருந்து தொடங்குவதில்லை. மரக்காணத்துப் பாத்தியிலிருந்து தொடங்குகிறேன். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள், அடுத்த பத்தாண்டில் ஒரு முறையேனும் கோடை நண்பகலில் அவ்வரப்பில் நடந்து பார்க்க வேண்டும் என்பது என் விழைவு.