செஞ்சி

செஞ்சி, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் அமைந்த பேரூராட்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டையே இதன் அடையாளம். குளிருக்காக நாடிச் செல்லும் மலைவாசத்தலம் அல்ல இது. வெயிலும் கரும்பாறையும்தான் இங்கே. ஆனாலும் ஏறிப் பார்க்கும் ஆசையுள்ளவர்களுக்கு இதற்கு நிகரான ஊர் வடதமிழகத்தில் அரிது.

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். அடிவாரத்தில் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், யானைக்குளம் ஆகியவற்றைக் கடந்தால் படிகள் தொடங்குகின்றன. பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் உள்ளது. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து நிற்கிறது. அந்தப் பிளவைத் தாண்ட ஒரு சிறு பாலம் மட்டுமே வழி. அதை அகற்றிவிட்டால் மேலே இருப்பவரை நெருங்க முடியாது. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையில் அவர் மகன் ராஜாராம் தங்கியிருந்தபோது, முகலாயர் முற்றுகை 1698 வரை ஆண்டுக்கணக்கில் நீண்டது. தேசிங்கு ராஜன் கதையும் இம்மண்ணுக்குரியது.

காலையிலேயே ஏறத் தொடங்குவது நல்லது. பாறை சூடேறினால் இறங்குவதும் சிரமம். கையில் தின்பண்டம் தெரிந்தால் குரங்குகள் விடுவதில்லை. கிருஷ்ணகிரி உயரம் குறைந்தது, ஏற எளிது. 2025-இல் மராத்தியர் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியின் மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை.