சுருட்டை முடியின் சுருக்கமான வரலாறு

நேரான முடியைச் சுருட்டையாக்கும் 'பெர்மிங்' வேலையை அழகு நிலையத்தில் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு ஏகப்பட்ட விதிகள் உண்டு. கையுறை போடு, நெற்றியோரம் கிரீம் தடவு, கடிகாரத்தைப் பார், நன்றாக அலசு, நியூட்ரலைசரில் அவசரப்படாதே... இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. இந்த விதிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கருகிய முடியோ, புண்ணான தலையோ, வெடித்த கையோ இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

1870களில் பாரிஸில் மார்செல் கிராதோ என்பவர் சூடேற்றிய இடுக்கியால் கூந்தலில் அலைகளை உண்டாக்கினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தலைக்குக் குளித்தால் போயே போச்சு! குளித்தாலும் கலையாத சுருளுக்கு வழி தேடியவர் கார்ல் நெஸ்லர். ஜெர்மனியின் டோட்னாவ் என்ற ஊரில் பிறந்து, லண்டனில் கடை வைத்திருந்தவர். முடியைக் காரக் கரைசலில் நனைத்து, பித்தளை உருளைகளில் சுற்றி, சூடேற்றுவது அவருடைய முறை. ஒவ்வோர் உருளையும் ஏறக்குறைய 900 கிராம் எடை. அத்தனை எடையைத் தலை தாங்காது என்பதால் மேலே சரவிளக்கு மாதிரி ஒரு சட்டத்திலிருந்து அவற்றைத் தொங்கவிட்டார். வேலை முடிய சுமார் 6 மணி நேரம்!

அவர் இதை லண்டனில் செய்துகாட்டினார். அதற்கு முன் சோதித்துப் பார்த்தது யார் தலையில் தெரியுமா? அவருடைய மனைவி கத்தரினாவின் தலையில்தான். முதல் இரண்டு முயற்சிகளில் முடி முழுவதும் எரிந்துபோய், தலைத்தோலிலும் தீப்புண். மூன்றாவது முறைதான் பலித்தது. கண்டுபிடிப்பாளர் என்று நெஸ்லரின் பெயரைச் சொல்கிறோம். கத்தரினாவின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அடுத்து சிகாகோவுக்குப் போவோம். மார்ஜரி ஜாய்னர் என்ற கறுப்பினப் பெண், மேடம் சி. ஜே. வாக்கர் நிறுவனத்தில் பணியாற்றியவர். பல கம்பிகளில் முடியைச் சுற்றி ஒரே நேரத்தில் சூடேற்றும் இயந்திரத்துக்கு 1928-ல் காப்புரிமை பெற்றார். வாடிக்கையாளர்களுக்குத் தலை சுடுகிறது என்று தெரிந்ததும் சும்மா இருக்கவில்லை. தலைத்தோலைக் காக்கும் ஒரு கருவியையும் வடிவமைத்து, 1929-ல் அதற்கும் காப்புரிமை வாங்கினார். காப்புரிமைகள் நிறுவனத்துக்கே போயின. அவருக்குப் பெரிதாகப் பணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

சூட்டுக்கு விடை கொடுத்தது வேதியியல். நம் முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தக அணுக்களின் பிணைப்புகள் ஏணிப்படி போல இணைத்துப் பிடித்திருக்கின்றன. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த காடர்டு, மைக்கேலிஸ் இருவரும் 1934-ல் வெளியிட்ட ஆய்வு, தயோகிளைகாலிக் அமிலம் காரக் கரைசலில் இந்தப் பிணைப்புகளை அறுக்கும் என்று காட்டியது. சூடே இல்லாத 'கோல்டு வேவ்' முறை 1940களில் பரவியதற்கு அடிப்படை இதுதான். படிகளை அறுத்து, முடியை உருளையின் வடிவத்துக்கு வளைத்து, மறுபடி படிகளைப் பூட்டிவிட வேண்டும். அப்படிப் பூட்டுவதுதான் நியூட்ரலைசரின் வேலை.

பெயரைப் பார்த்து, அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆகும் பள்ளிக்கூட நடுநிலையாக்கலை நினைத்துவிடாதீர்கள். இங்கே முக்கியமாக நடப்பது ஆக்சிஜனேற்றம். அதை அரைகுறையாக விட்டால் பிணைப்புகள் அறுந்தபடியே கிடக்கும். சுருளும் நிற்காது, முடியும் உடையும்.

இனி ஆபத்து தலையை விட்டு வேறு பக்கம் போனது. வீட்டிலேயே பெர்மிங் செய்துகொள்ளும் 'டோனி' பெட்டிகள் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டன. 1948-ல் அந்த நிறுவனத்தை ஜில்லெட் 2 கோடி டாலருக்கு வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அக்கால வீட்டுப் பெட்டிகளின் நியூட்ரலைசரில் பொட்டாசியம் புரோமேட் இருந்தது. அதை விழுங்கிவிட்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; சிலருக்குக் காது நிரந்தரமாகக் கேட்காமல் போனது. பின்னாளில் பல தயாரிப்புகளில் அதன் இடத்தை ஹைட்ரஜன் பெராக்சைடு பிடித்தது.

அடுத்த பலி அழகு நிலைய ஊழியர்களின் கைகள். 1970களில் 'ஆசிட் பெர்ம்' வந்தது. முடிக்கு மென்மையானது என்ற பெயர். ஆனால் அதிலிருந்த கிளிசரில் மோனோதயோகிளைகோலேட், தினமும் அதைத் தொட்டவர்களின் கைகளில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது. மெல்லிய ரப்பர் கையுறையையும் அது ஊடுருவும்! கை போனால் தொழிலே போய்விடும் அல்லவா?

இப்போது அந்த விதிகளைத் திரும்பப் பாருங்கள். தலைத்தோலில் புண் இருந்தால் பெர்மிங் கூடாது. உலோக உப்புகள் கலந்த சாயம் பூசிய முடியிலும் கூடாது. பெராக்சைடு பட்டால் முடியே சூடாகிச் சிதையலாம். லோஷனில் நனைந்த பஞ்சை உடனே மாற்ற வேண்டும். இல்லையென்றால் நெற்றி வெந்துவிடும். ஓர் உருளையைப் பாதி அவிழ்த்து, அலை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உருளைகளோடு சேர்த்தே பல நிமிடங்கள் அலசி, துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்து, அப்புறம்தான் நியூட்ரலைசர். ஈரம் மிச்சமிருந்தால் அது நீர்த்துப்போகும். பெட்டியில் போட்ட நேரம் முடியும்வரை வைத்திருந்து, இழுக்காமல் அவிழ்க்க வேண்டும்.

கத்தரினாவின் தலை, அந்தக் குழந்தைகளின் காது, ஊழியர்களின் கை. இத்தனை பேர் விலை கொடுத்து வாங்கிய பாடத்தை நாம் இலவசமாகப் படிக்கிறோம். அலசும் நேரத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கத் தோன்றும்போது இவர்களை நினைத்துக்கொண்டால் போதும்.