விற்பனை வரி வந்த வரலாறு



திருவண்ணாமலைத் தேரடித் தெருவிலே ஒரு பாத்திரமோ பட்டுத்துணியோ வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் தரும் ரசீதின் அடியில் மத்திய அரசுக்கு இவ்வளவு, மாநில அரசுக்கு இவ்வளவு என்று இரண்டு சிறு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். நாம் விலையைப் பார்ப்போமேயன்றி அவற்றைப் பார்ப்பதில்லை. நானும் நெடுங்காலம் பார்த்ததில்லை. என் பழைய மாணவர் ஒருவர் ஒரு சிக்கலோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்த பிறகே அவற்றின் பின்னால் எத்தனை பெரிய வரலாறு இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

அவர் கைபேசிச் செயலிகளை ஆக்குபவர். முதலாளியுமில்லை, பணியாளருமில்லை, வீட்டு மாடியில் தனியே உட்கார்ந்து ஆக்குகிறார். பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்குரிய நேரத்தைக் காட்டும் செயலி ஒன்று, குழந்தைகளுக்கு வாய்பாடு கற்பிக்கும் செயலி ஒன்று. சென்னையிலும் பெங்களூரிலும், சிங்கப்பூரிலும் கனடாவிலும் உள்ளவர்கள் சிறு தொகை கொடுத்து அவற்றை வாங்குகிறார்கள்.

"ஐயா, நான் கடை வைத்ததில்லை, ஒரு மூட்டையையும் வண்டியில் ஏற்றியதில்லை. நான் விற்பது என்ன பொருள், அதை எங்கே விற்றேன் என்பதே எனக்கு விளங்கவில்லை. வரி மட்டும் கட்ட வேண்டும் என்கிறார் ஆடிட்டர்" என்றார்.

விற்றது என்ன, விற்றது எங்கே: இந்த இரண்டு வினாக்களையும் அவர் புதியன என்று எண்ணியிருந்தார். இவை நம் நாட்டு நீதிமன்றங்களில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடப்பெற்றவை.

வாணிகத்தின்மேல் வரி என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் வழங்கியதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். எனினும், சுங்கம் என்பது பெரும்பாலும் பொருள் வழியே செல்லும்போது வாங்குவது. 'விற்பனை' என்ற செயலின்மேலேயே, எல்லாப் பொருளுக்கும் பொதுவாக விதிக்கும் வரி இந்தியாவில் முதன்முதல் பிறந்தது நம் சென்னை மாகாணத்தில்தான். அது பிறந்த கதையில் நம் மாவட்டத்துக்கும் ஒரு பங்குண்டு.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பொருள்களின் விற்பனைமீது வரி விதிக்கும் உரிமையை மாகாணங்களுக்குக் கொடுத்தது. 1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மறு ஆண்டில் சித்தூரும் கடப்பையும் சேர்ந்தன. 1939 அக்டோபரில், திருவண்ணாமலை அன்று அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் அது பரவியது.

கள்ளும் சாராயமும் மாகாணக் கஜானாவுக்குப் பெருந்தொகை கொடுத்துவந்தன. அந்த வருவாய் போனால் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? அதற்கு விடையாக வந்ததே 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். அதுவும் அதே அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கள்ளுக்கடை மூடிய மாதத்திலேயே கடைத்தெருவுக்கு வரி வந்தது. குடித்தவன் கொடுத்துவந்ததை இனி உப்பும் புளியும் வாங்குபவன் கொடுக்க வேண்டியதாயிற்று என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை.

வரி விகிதம் நூற்றுக்கு அரைதான். சிறு கடைக்காரருக்கு விலக்கு உண்டு. உழவர் தம் நிலத்தில் விளைந்ததைத் தாமே விற்றால் அதுவும் கணக்கில் வாராது. ஆனால் பொருள் ஒவ்வொரு கை மாறும்போதும் அந்த அரை சதவீதம் விழும். மண்டிக்காரர், ஆலைக்காரர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் என நால்வர் கை மாறினால் நான்கு முறை வரி.

சட்டம் வந்த அந்த அக்டோபர் முடிவதற்குள், இந்தியாவைக் கேளாமலே உலகப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகிற்று. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. கள்ளுக்கடை திரும்பி வந்தது. அதற்கு ஈடாக வந்த வரி திரும்பிப் போகவில்லை. வரிகளின் இயல்பு அது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். வரி விழுவது எதன்மேல்? இவ்வினாவை எழுப்பியது நமக்கு நன்கு பழக்கமான நிலக்கடலை. கடலையை ஆட்டி எண்ணெயும் பிண்ணாக்கும் செய்து விற்ற நிறுவனம் ஒன்று, 'பொருளை உற்பத்தி செய்பவன் செய்யும் முதல் விற்பனையின்மேல் விதிக்கும் வரி உண்மையில் உற்பத்தி வரியே; அது மத்திய அரசுக்குரியது; மாகாணம் அதை வாங்கக் கூடாது' என்று வாதாடியது. 1942இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உற்பத்தி வரி பொருளை ஆக்குவதன்மேல் விழுவது. விற்பனை வரி விற்பதன்மேல் விழுவது. இரண்டும் ஒருவர் தலையிலேயே வந்து சேர்ந்தாலும் அவை வேறு வேறு என்றது. ஓர் ஆலைக்காரர் பத்துப் படி எண்ணெயை ஆட்டித் தம் வீட்டிலேயே செலவழித்தால் விற்பனை வரி ஏது? விற்றால்தானே வரி! இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1945இல் இக்கருத்தையே உறுதிசெய்தது.

அடுத்து, ஒப்பந்தக்காரர் கட்டித்தரும் கட்டடம் ஒரு 'பொருள் விற்பனையா' என்று சென்னை மாநிலம் தொடர்புடைய வழக்கொன்று எழுந்தது. அன்று என்று 1958இல் உச்சநீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பைக் கடக்க 1982இல் அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. கணினி வந்தபோது இதே வினா வேறு உருவில் வந்தது. எழுதி முடித்து, தட்டில் பதித்து, யார் கேட்டாலும் விற்கும் மென்பொருள் சரக்கா, அறிவுழைப்பா? ஆந்திரப் பிரதேச அரசுக்கும் டாட்டா கன்சல்டன்ஸி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், அது சரக்கே, விற்பனை வரி உண்டு என்று 2004இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அச்சட்டம் மென்பொருளை ஆக்குவதைச் சேவை என்று எழுதிவைத்தது. வகுப்பறையில் உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று பிரித்துக் கொடுத்தே பழகிய எனக்கு, ஒரே பொருள் பதின்மூன்று ஆண்டுகளில் சரக்கு என்ற கட்டத்திலிருந்து சேவை என்ற கட்டத்துக்குப் போனது வியப்பாகவே இருந்தது.

'எங்கே' என்ற வினாவோ இன்னும் கடுமையானது. சென்னையில் உள்ளவர் பம்பாய்க்குப் பொருள் அனுப்பினால் வரி யாருக்கு? அனுப்பும் மாநிலத்துக்கா, நுகரும் மாநிலத்துக்கா? நுகரும் மாநிலம் வெளிமாநில வணிகரிடமும் வாங்கலாம் என்று 1953இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அவ்வளவுதான், வணிகர்கள் தாம் கண்ணாலும் காணாத மாநிலங்களுக்கெல்லாம் கணக்குக் காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1955இல், வங்காள மருந்து நிறுவனம் ஒன்று பீகார் அரசை எதிர்த்து நடத்திய வழக்கில் நீதிமன்றம் தன் கருத்தைத் தானே மாற்றிக்கொண்டது. அதன் விளைவாக 1956இல் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தமும் மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தன. வரி புறப்படும் மாநிலத்துக்கே என்று முடிவாயிற்று. அறுபது ஆண்டுகள் அப்படியே நடந்தது. வரிமேல் வரி விழும் குறையைத் தீர்க்கத் தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. 2017இல்தான் தலைகீழாகத் திரும்பியது. இன்று வரி சேருவது நுகரும் மாநிலத்துக்கே. ஆனால் இடையில் மத்திய அரசு ஒருங்கிணைந்த வரியாக வாங்கிப் பகிர்ந்தளிப்பதால், விற்பவர் ஒவ்வொரு மாநிலத்தின் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். தன் எல்லைக்குள் கடையோ கிடங்கோ இல்லாத வணிகரிடம் ஒரு மாநிலம் வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று 1992இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் வழக்கில் 2018இல் அத்தீர்ப்பைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2015 முதல், இணையவழிச் சேவைக்கு வாங்குபவர் வாழும் நாட்டின் வரியே என்று வைத்து, செயலி அங்காடி வழியாக விற்றால் பொதுவாக அந்த அங்காடியையே விற்பவராகக் கொள்கிறது.

என் மாணவர் சிக்கிக்கொண்டது இவ்வளவு பெரிய இடத்தில் அன்று. ஒரு சிறு கணக்கில். சேவை செய்பவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது இங்குள்ள விதி. இந்தியாவிலிருந்து தமக்கு வந்தது அதில் பாதியும் இல்லை என்று அவர் நிம்மதியாக இருந்துவிட்டார். வெளிநாட்டு வருவாய் ஏற்றுமதி, உரிய நிபந்தனைகளை நிறைவேற்றினால் அதற்கு வரி இல்லை, உண்மை. ஆனால் வரியில்லாத ஏற்றுமதியும் விற்றுமுதலில் சேரும். இரண்டையும் கூட்டியபோது எல்லை எப்போதோ கடந்துபோயிருந்தது. பதிவு செய்திருக்க வேண்டிய நாள் முதல் இந்தியாவில் விற்றதற்கெல்லாம் 18 சதவீத வரி அவர் கட்ட வேண்டியது. வாங்கியவர்களிடம் அவர் அதைத் தனியே கேட்டதில்லை. ஆகவே வாங்கிய 100 ரூபாய்க்குள்ளேயே ஏறத்தாழ 15 ரூபாய் 25 காசு வரியாயிற்று. அதன்மேல் வட்டி வேறு. கணினி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அப்படிப் போயிற்று.

"பணம் போனதுகூடப் பரவாயில்லை, ஐயா. அரசாங்கப் பணத்தை எடுத்துச் செலவழித்தவன் என்று நாலு பேர் நினைப்பார்களோ என்பதுதான் உறங்கவிடவில்லை" என்றார்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது பொதுத்தேர்வுக் கட்டணத்தை மாணவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டுவது வழக்கம். அந்தப் பணம் பீரோவில் தனிப் பெட்டியில் இருக்கும். பள்ளிச் செலவுக்கு ஒரு நாள் சில்லறை குறைந்தாலும் அந்தப் பெட்டியைத் திறக்கமாட்டேன். அதை அவரிடம் சொன்னேன். 1939இல் வரிப்பதிவேட்டைத் திறந்த மளிகைக் கடைக்காரருக்கும் அதே வேலைதான் கொடுக்கப்பட்டது என்றும் சொன்னேன்.

ஆடிட்டரின் உதவியால் அவர் பதிவு செய்துகொண்டு, பழைய பாக்கியைத் தவணைகளில் தீர்த்துவிட்டார். ஏற்றுமதிக்குரிய உறுதிமொழிக் கடிதத்தை ஆண்டுதோறும் கொடுக்கிறார். எந்த அங்காடி எந்த நாட்டில் வரியைத் தானே கட்டுகிறது, எங்கே தம்மிடம் விடுகிறது என்பதை ஒப்பந்தத்தைப் படித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாடு வாரியாக எழுதி வைத்திருக்கிறார். வங்கியில் இப்போது அவருக்கு இரண்டு கணக்குகள் இருக்கின்றன.