சால்மன் இல்லாத சால்மன்

கிள்ளான் சந்தையில் 'செனாங்கின்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மீனுக்குத் தமிழ்நாட்டுக் கரையில் காலா என்று பெயர். வெள்ளைக்காரன் அதை 'இந்தியன் சால்மன்' என்றான். ஸ்காட்லாந்து ஆற்றுச் சால்மனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1804இல் ஜார்ஜ் ஷா சூட்டிய அறிவியல் பெயரின் பொருள் 'நான்கு விரல்'. மார்புத் துடுப்புக்குக் கீழே தொங்கும் நான்கு இழைகளால் கலங்கிய நீரைத் தடவித்தான் அது இரை தேடும்.

கிள்ளான் ஆற்று முகமும் அப்படியொரு சேற்றுநீர்தான். அங்கே 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. நாகப்பட்டினத்துக் கப்பல்கள் நம்மாட்களை அங்கேயும் இறக்கின. எதிரே புலாவ் கெத்தாமில் சீனர்கள் மரக்கால்கள்மேல் வீடு கட்டி மீன் பிடித்தார்கள். நம்மாட்கள் ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் போனார்கள்.

நாகைப் பக்கம் அரிசி, தண்ணீர், ஐஸ் ஏற்றிக்கொண்டு நாலைந்து நாள் படகிலேயே கிடந்து பிடிப்பதைத் 'தங்குகடல்' என்பார்கள். நான் படித்த தோட்டக் கதைகளில் கங்காணி உண்டு, லயம் உண்டு. இந்தச் சொல் மட்டும் கண்ணில் பட்டதே இல்லை. கடல் தாண்டி வந்தவர்களின் வரலாற்றைக் கடலே இல்லாமல் எழுதி வைத்திருக்கிறோம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீடுகளில் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 'காலா தெரியுமா பாட்டி?' என்று ஒருதடவை கேட்டுப் பாருங்களேன்.