சென்னைப் பண்பலை வானொலிகளும் சாலையோர விளம்பரப் பலகைகளும்: எழுச்சியும் வீழ்ச்சியும்

முன்னுரை

வானொலி செவிக்குரிய ஊடகம். எனினும், அது தன்னை மக்களுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளக் கண்ணின் துணையை நாடிய காலம் ஒன்று இருந்தது. 2003ஆம் ஆண்டு சென்னையில் தனியார் பண்பலை வானொலிகள் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, நிலையத்தின் பெயரையும் அலைவரிசை எண்ணையும் தாங்கிய பெரும் பலகைகள் நகரச் சாலைகளில் எழுந்தன. பத்தாண்டுகள் நிறைவதற்குள் அவை நகரக் காட்சியிலிருந்து பெரும்பாலும் மறைந்தன. இம்மறைவுக்கு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே காரணம் எனக் கூறிவிடுவது எளிது. தீர்ப்பு பலகைக்குரிய இடத்தை அகற்றியது உண்மையே. ஆனால் பலகைக்குரிய தேவை வேறு காரணங்களால் தேயத் தொடங்கியிருந்தது என்பது நம் கருத்து. பேச்சுத் தமிழ் பொதுவெளியில் எழுத்துருப் பெற்றதைக் காட்டும் ஒரு சான்றுத் தொகுதியும் இவ்வீழ்ச்சியோடு நம் கைநழுவிப் போயிற்று. இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

பலகை வேண்டாத வானொலி

சென்னையின் ஒலிபரப்பு வரலாறு 1924இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிச் சங்கத்திலிருந்து தொடங்குகிறது. பொருள் நெருக்கடியால் அச்சங்கம் 1927இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930இல் தானே ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினா கடற்கரை போன்ற பொதுவிடங்களில் நிறுவப்பட்ட ஒலிபெருக்கிகள் வழியே மக்கள் நிகழ்ச்சிகளைக் கேட்டனர். அக்காலத்தில் வானொலியே பொதுவிடத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருந்ததால், அதனை அறிமுகப்படுத்த வேறு பலகை வேண்டியிருக்கவில்லை.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டது. அதன்பின் இந்திய மண்ணில் ஒலிபரப்பு அரசின் தனியுரிமையாகவே நீடித்தது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பும் சென்னையிலேயே 1977 ஜூலை 23 அன்று தொடங்கியது. திரைப்பாடல்களுக்காக இலங்கை வானொலியை நாடிய தமிழ்நாட்டு நேயர்கள் அதன் அலைவரிசையைத் தம் பெட்டியின் முள்ளைத் திருப்பியும் பிறர் சொல்லக் கேட்டும் கண்டறிந்தனர். உள்நாட்டில் போட்டி நிலையம் இல்லாத நிலையில், பெருஞ்செலவில் சாலையோரம் தன் பெயரைப் பொறித்துவைக்கும் கட்டாயம் எந்த நிலையத்திற்கும் நேரவில்லை.

எண்ணை மனத்தில் பதித்தல்

அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவை அரசின் தனியுரிமை ஆகா என 1995 பிப்ரவரியில் இந்திய உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்நிலையை மாற்றியது. 1999இல் தனியார் பண்பலைக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்திற்கு வைக்கப்பட்டன. ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் உரிமக் கட்டணத்தைத் தாங்க இயலாது பல நிறுவனங்கள் விலகிக்கொள்ள, ஏறத்தாழ இருபது நிலையங்களே செயற்பட்டன. 2001 ஜூலையில் பெங்களூரில் ரேடியோ சிட்டி முதலாவதாக ஒலித்தது. 2003இல் சூரியன் எஃப்.எம். 93.5 என்னும் எண்ணிலும் ரேடியோ மிர்ச்சி 98.3 என்னும் எண்ணிலும் சென்னைக்கு வந்தன. 2005ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டக் கொள்கை, உயர்ந்துகொண்டே செல்லும் கட்டணத்திற்கு மாறாக ஒருமுறை நுழைவுக் கட்டணத்தையும் மொத்த வருவாயில் 4 விழுக்காட்டையும் விதித்தது. அதன் பயனாக ஹலோ எஃப்.எம். 106.4, பிக் எஃப்.எம். 92.7, ரேடியோ சிட்டி 91.1 முதலியன சென்னையில் வந்து சேர்ந்தன.

இங்கே ஓர் இயல்பை நாம் நோக்கவேண்டும். தனியார் நிலையங்கள் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. ஆதலால் ஏறத்தாழ எல்லா நிலையங்களும் திரைப்பாடலையும் அறிவிப்பாளரின் உரையாடலையுமே நம்பியிருந்தன. ஒரே பாடல் பல எண்களில் ஒலிக்கும்போது, தாம் கேட்பது எந்த நிலையம் என்பதை நேயர் எவ்வாறு அறிவார்? இவ்வினா வெறும் புகழ் பற்றியதன்று, வருவாய் பற்றியதாகும். விளம்பரதாரர்கள் நம்பிய நேயர் கணக்கெடுப்புகள், இன்ன நிலையத்தைக் கேட்டேன் என நேயர் நினைவுகூர்ந்து சொல்வதையோ குறிப்பேட்டில் எழுதுவதையோ அடிப்படையாகக் கொண்டவை. 2007இல் தொடங்கப்பட்ட வானொலி நேயர் அளவீடும் குறிப்பேட்டு முறையையே பின்பற்றியது. சென்னை அதன் எல்லைக்குள் இடம்பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கேட்டதைக் காட்டிலும் நினைவில் நின்றதே கணக்கில் ஏறும் சூழலில், அண்ணாசாலையில் நாள்தோறும் கண்ணிற்படும் ஓர் எண் வருவாய் ஈட்டும் முதலீடாயிற்று. அப்பலகையைக் காண்போருள் வண்டியோட்டுவோரும் இருந்தனர். பலகையில் கண்ட எண்ணை அந்நொடியே வண்டியின் வானொலியில் திருப்பிக் கேட்க அவர்களால் இயன்றது.

பலகையின் மொழி

இப்பலகைகளைத் தமிழாய்வுக்குரிய பொருளாக்குவது அவற்றின் மொழியே. சூரியன் எஃப்.எம். நிலையத்தின் "கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்னும் முழக்கத்தொடரை எடுத்துக்கொள்வோம். எழுத்து வழக்கில் "கேளுங்கள்", "கேட்டுக்கொண்டே இருங்கள்" என வரவேண்டியவை, இங்கே ஈற்று மெய் கெட்டும் "கொண்டு" என்னும் துணைவினை "கிட்டு" எனத் திரிந்தும் நிற்கின்றன. செவியில் இயல்பாக ஒலிக்கும் இத்தொடர் எழுத்தில் பொறிக்கப்படும்போது, பேச்சு வடிவத்திற்கு ஒரு எழுத்துக்கூட்டலை வரையறுத்துவிடுகிறது.

பேச்சுத் தமிழை எழுத்தில் வடிப்பது புதியதன்று. புனைகதை உரையாடல்களில் அது நெடுங்காலமாக உண்டு. ஆயினும், கதையில் அது ஒரு பாத்திரத்தின் குரல். பண்பலை விளம்பரத்திலோ, ஒரு நிறுவனம் பொதுமக்களை நோக்கிப் பேசும் சொந்தக் குரலாகவே அது நின்றது. முன்னர் இத்தகைய பொது அறிவிப்புகள் எழுத்துத் தமிழையே பெரிதும் நாடின. பெயர்களிலும் இக்கலப்பைக் காணலாம். சூரியன் தமிழில் வழங்குவது, மிர்ச்சி மிளகாயைக் குறிக்கும் இந்திச் சொல், ஹலோ ஆங்கிலம். இம்மூன்றும் தமிழ் எழுத்தில் அடுத்தடுத்த தெருக்களில் நின்ற காலத்தை, தமிழின் இரட்டை வழக்கை ஆராய்வோர் எளிதில் கடந்துசெல்ல இயலாது.

இடமும் தேவையும் மறைதல்

வண்டியோட்டுவோரின் கவனத்தைச் சிதைக்கும் பலகைகளை அகற்றுமாறு 1997இலேயே உச்சநீதிமன்றம் தில்லி குறித்து ஆணையிட்டிருந்தது. தமிழ்நாட்டில் விளம்பரப் பலகைகளுக்கான உரிம விதிகள் 2003இல் வெளிவந்தன. கல்விக்கூடங்கள், வழிபாட்டிடங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் முன் பலகை வைப்பதை அவை தடுத்தன. தனியார் பண்பலை சென்னைக்கு வந்த ஆண்டும் இதுவே என்பது எண்ணத்தக்கது. விளம்பர நிறுவனங்கள் இவ்விதிகளை எதிர்த்து வழக்காடின. சென்னை உயர்நீதிமன்றம் ஏற்ற அவ்விதிகளை 2008இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. அதனைத் தொடர்ந்து நகரின் பலகைகள் பெருமளவில் அகற்றப்பட்டன. இவ்வாணைகளின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. 2024 மே 13 அன்று மும்பையின் காட்கோபரில் சட்டத்திற்குப் புறம்பான ஒரு பலகை சரிந்து 17 பேர் உயிரிழந்த நிகழ்ச்சி, கட்டுப்பாடற்ற பலகைகளின் தீங்கை மீண்டும் உணர்த்தியது.

ஆயினும் தேவையின் தேய்வைத் தனியே காணவேண்டும். முதலாவது, பண்பலை வசதியுடைய கைப்பேசிகள் நிலையங்களைத் தாமே தேடிச் சேமித்துக்கொண்டன. எண்ணை மனத்தில் இருத்தவேண்டிய கட்டாயம் குறைந்தது. இரண்டாவது, உடைமை அமைப்பு. சூரியன் எஃப்.எம். சன் தொலைக்காட்சிக் குழுமத்தையும், மிர்ச்சி டைம்ஸ் குழுமத்தையும், ஹலோ எஃப்.எம். தினத்தந்திக் குழுமத்தையும் சார்ந்தவை. தம் குழுமத்தின் திரையும் தாளும் இருக்க, பிறருக்குச் சொந்தமான பலகைக்கு வாடகை செலுத்துவது இன்றியமையாததாக இல்லை. மூன்றாவது, காலப்போக்கில் கேட்கும் கருவியே மாறியது. திறன்பேசிகள் பலவற்றில் பண்பலை ஏற்பி இல்லாமையால், அதனை இயங்கச்செய்யுமாறு 2023 ஏப்ரலில் இந்திய அரசு கைப்பேசி உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை வழங்கவேண்டியதாயிற்று. ஏற்பியே இல்லாத கருவியை வைத்திருப்பவருக்குச் சாலையோரத்தில் 93.5 என எழுதிக்காட்டி யாது பயன்?

2023இல் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான புதிய விதிகள் உரிமத்துடன் கூடிய பலகைகளுக்கு மீண்டும் வழிவகுத்தன. இடம் ஓரளவு திரும்பிற்று. எனினும், 2003ஆம் ஆண்டுப் பலகையைத் தோற்றுவித்த சூழல் திரும்பவில்லை. ஆகவே சட்டத்தை இவ்வீழ்ச்சியின் காலத்தை வரையறுத்த காரணியாகவும், நேயரின் கருவியிலும் நிறுவன உடைமையிலும் ஏற்பட்ட மாற்றங்களை அதனை நிலைபெறச் செய்த காரணிகளாகவும் கொள்வதே பொருத்தமாகும்.

சான்றுகளின் நிலை

வானொலிப் பேச்சு காற்றோடு செல்வது. தனியார் நிலையங்களின் நாள்முழுதுமான உரையாடலைப் பொதுமக்கள் அணுகத்தக்க வகையில் தொகுத்துவைக்கும் ஏற்பாடு இல்லை. பலகைகளின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அச்சான ஒவ்வொரு நூலின் படியும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வைப்பு நூலகங்களை அடைகின்றது. பலகைக்கு அத்தகைய காப்பில்லை. கழற்றப்பட்ட நெகிழித்தாள் குடிசைக்கூரை மழையில் நனையாதிருக்க விரிக்கப்படும். அதன் பயன் பெரிதே. ஆனால் அதன்மேல் எழுதியிருந்த தமிழை ஆய்வாளர் மீண்டும் காண இயலாது.

இவ்விழப்பு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கும் தொடர்புடையது. மின்னல் எஃப்.எம்., ராகா ஆகியவை மலேசியாவிலும், எண்ணையே பெயரின் பகுதியாகக் கொண்ட ஒலி 96.8 சிங்கப்பூரிலும் தமிழ்ப் பேச்சின் பொதுவெளியாக விளங்கி வந்துள்ளன. கோலாலம்பூரில் 1982ஆம் ஆண்டு விளம்பரத் துணைவிதிகள் தேசிய மொழிக்கு முதன்மை அளிக்கின்றன. அச்சூழலில் ஒரு தமிழ் வானொலியின் விளம்பரத்தில் தமிழெழுத்து எந்த அளவில் இடம்பெறுகிறது என்பது தனித்த ஆய்வு வினாவாகும். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டுமென வலியுறுத்தியது. பேச்சுத் தமிழை எவ்வாறு எழுதுவது என்னும் ஆசிரியர்களின் இடர்ப்பாட்டைத் தீர்க்க, அது ஏற்கனவே பொதுவிடங்களில் எவ்வாறு எழுதப்பட்டது என்னும் சான்று பெரிதும் துணைசெய்யும்.

முடிவுரை

சென்னைப் பண்பலை நிலையங்களின் பலகைகள், ஒரு புதிய ஊடகம் தன் எண்ணை மக்கள் மனத்தில் பதிக்க வேண்டியிருந்த குறுகிய காலத்தின் விளைவு. அத்தேவை தீர்ந்தபின் அவை மறைந்தமை இயல்பே. ஆனால் அவற்றின் பதிவும் உடன் மறையவேண்டியதில்லை. நாளிதழ்களின் பழைய ஒளிப்படங்களிலும், தெருக்களில் எடுத்த குடும்பப் படங்களிலும், பலகை வரைந்தோர், அச்சிட்டோர் ஆகியோரின் நினைவுகளிலும் இன்னும் சில சான்றுகள் எஞ்சியிருக்கக்கூடும். பல்கலைக்கழகத் துறைகள் தம் மாணவர்களின் ஆய்வேடுகள் வழியே அவற்றைத் தொகுக்க முற்படவேண்டும். இந்நாட்டுத் தமிழ் வானொலிகளின் விளம்பரங்களையும் தமிழாசிரியர்கள் இன்றே ஆண்டும் இடமும் குறித்துப் படமெடுத்துச் சேமிப்பார்களாயின், அடுத்த தலைமுறை ஆய்வாளர் நம்மைப்போல் ஊகத்தை நாடவேண்டிய நிலை நேராது.